முடியும் மடியும்: சினைப்பெயரும் வினையடியும் ஒரே வடிவில் நிற்றல்

‘முடியும் மடியும்’ என்னும் தொடரைத் தனியே எழுதிக் காட்டினால் அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். தலையிலுள்ள முடி, அமர்ந்தவர் மடி ஆகிய இரண்டையும் உம்மை கொடுத்து எண்ணியது என்பது ஒன்று. முடிவுக்கு வரும், மாண்டுபோகும் என்பது மற்றொன்று. முதற்பொருளில் அவை சினைப்பெயர்கள். இரண்டாம் பொருளில் வினைமுற்றுகள். எழுத்திலும் ஒலிப்பிலும் யாதொரு வேறுபாடும் இல்லை.

உடலுறுப்பைக் குறிக்கும் எளிய சொல் ஒன்று வினையடியாகவும் நிற்பது தமிழில் அரிதன்று. முடி, மடி, அடி, இமை, கை, கால், வாய், உடல், நுதல், குதி என்று உடனே பத்துச் சொற்களை எண்ணிவிடலாம். வகுப்பறையில் இவற்றுக்கு நாம் வழக்கமாகத் தரும் விளக்கம், ‘ஒரே சொல் பெயராகவும் வரும், வினையாகவும் வரும், இடம் நோக்கிப் பொருள் கொள்க’ என்பதாகும். தேர்வுக்கு இது போதுமானதாகத் தோன்றலாம். ஆயினும் மேற்குறித்த பத்துச் சொற்களும் ஒரே காரணத்தால் இரு வகையாய் நிற்கவில்லை. சிலவற்றில் பெயர் வினையிலிருந்து பிறந்தது. சிலவற்றில் பெயரும் வினையும் பிரிக்க இயலாத ஒரே கருத்தின் இரு முகங்கள். சிலவற்றில் இரண்டுக்கும் எவ்வுறவும் இல்லை, வடிவம் தற்செயலாக ஒத்திருக்கிறது. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், மாணவர் உறவில்லாத சொற்களுக்கு உறவு கற்பிப்பர். உண்மையான உறவைக் காணாது போவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலாயும் ஆங்கிலமும் உடன் கற்கும் மாணவர்க்கு வேறோர் இடரும் உண்டு. அம்மொழிகளில் உறுப்புப் பெயரை வினையாக்கும் வழி வேறு. அதனைத் தமிழின்மேல் ஏற்றிப் பார்க்கும்போது சொற்றொடர் பிழைபடுகிறது.

அகராதியில் இரு வடிவம்

தமிழ் அகராதி செய்தோர் இச்சிக்கலை நன்கு உணர்ந்திருந்தனர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பெயரை வெறும் வடிவத்திலும் வினையைத் ‘தல்’, ‘த்தல்’ என்னும் ஈறு சேர்த்தும் தனித்தனித் தலைப்புச் சொல்லாகத் தருகிறது. முடி என்பது ஒரு பதிவு. முடிதல், முடித்தல் என்பன வேறு பதிவுகள். 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வினையடியை வெறும் வடிவத்திலேயே தருகிறது. ஆனால் அதனை அடுத்து முடிய, முடிந்து என்றாற்போலச் செயவென் எச்சத்தையும் செய்தென் எச்சத்தையும் இணைத்துக் காட்டுகிறது. முறை வேறாயினும் கருத்து ஒன்றே. தமிழ் வினையடி தன் வடிவத்தால் அடையாளம் காணப்படுவதில்லை. அது ஏற்கும் ஈற்றால் காணப்படுகிறது.

எனவே ஆசிரியருக்கு எளிதாகக் கைவரும் முதற்கருவி இறந்தகால வடிவமாகும். முடி என்றால் முடிந்தது, முடித்தது. இமை என்றால் இமைத்தது. உடல் என்றால் உடன்றது. கால் என்றால் கான்றது. இக்கடைசி இரண்டையும் கேட்டவுடன் மாணவர் சற்று மலைப்பர். அந்த மலைப்பு பயனுடையது. உடல் என்னும் சினைப்பெயரோடு ‘உடன்று’ என்னும் சொல்லை அவர்கள் எக்காலத்தும் இணைத்திருக்க மாட்டார்கள். சினந்து, பகைத்து என்னும் பொருளில் சங்கப் பாடல்களில் வரும் அச்சொல்லை ‘உடன்’ என்பதன் திரிபாகக் கருதியே பலர் கடந்துபோகின்றனர்.

முடி: கட்டிய கூந்தல் முதல் ஒற்றை இழை வரை

இவ்வகைச் சொற்களுள் வரலாறு மிக்கது முடி. இன்று அது தலைமயிரைக் குறிக்கும் பொதுச்சொல். நம் நகரங்களில் முடிதிருத்தும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் வேறு சொல்லை எதிர்பார்க்க இயலாது. ஆயின் பழைய வழக்கில் தலைமயிரைக் குறிக்க நின்றவை கூந்தல், குழல், கதுப்பு, ஓதி, குஞ்சி, மயிர் முதலியன. மகளிர் கூந்தலை ஐந்து வகையாக முடித்தலை ‘ஐம்பால்’ என்பர். அவ்வைந்தும் எவை என உரைமரபில் தரப்படும் பட்டியல்களுள் ஒன்று முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என எண்ணுகிறது. இங்கு முடி என்பது மயிர் அன்று. மயிரை முடிந்து வைக்கும் வகைகளுள் ஒன்று. அதாவது வினையின் விளைவு.

முடிதல் என்பதற்குக் கட்டுதல், முடிச்சிடுதல் என்னும் பொருள் இன்றும் மறையவில்லை. பாட்டி முந்தானையில் காசை முடிந்து வைக்கிறார். மணப்பெண் தலையில் பூ முடிகிறாள். முடிச்சு, பணமுடிப்பு என்னும் சொற்களும், வயலில் பறித்துக் கட்டிய நாற்றைக் குறிக்கும் நாற்றுமுடி என்பதும் இப்பொருளிலேயே நிற்கின்றன. நாற்றுமுடியில் தலையும் இல்லை, மயிரும் இல்லை. கட்டு மட்டுமே இருக்கிறது.

உறவுடைய மொழிகளை அருகே வைத்துப் பார்த்தால் இவ்வளர்ச்சியின் படிகள் தெளிவாகத் தெரிகின்றன. தெலுங்கில் ‘முடி’ என்றால் முடிச்சு. கன்னடத்தில் அது கூந்தல்கட்டு. வினையாய் வரும்போது கூந்தலில் பூச்சூடுதல். மலையாளத்தில் முடி என்பது தலைமயிரே. கட்டு, கட்டிய கூந்தல், கூந்தல், மயிர் என்று படிப்படியாகப் பொருள் நகர்ந்திருப்பதை நான்கு மொழிகளும் ஆளுக்கொரு படியாகக் காத்து வைத்திருக்கின்றன எனலாம். தமிழ் இவ்வெல்லாப் படிகளையும் ஒருங்கே வைத்திருக்கிறது. அதுவே குழப்பத்துக்கும் காரணம்.

இறுதிப்படி தமிழில் மிகத் தெளிவு. ‘சோற்றில் ஒரு முடி கிடந்தது’ என்கிறோம். ஒற்றை இழையை எவரும் முடிந்து வைக்க இயலாது. இத்தொடரில் முடி என்னும் பெயர் தன் வினையை முற்றாகக் கைவிட்டுவிட்டது. இவ்வாறு அது பரவியதற்குச் சமூகக் காரணம் ஒன்றும் உண்டு. மயிர் என்னும் சொல் வசைமொழியாகிவிட்டது. திருக்குறளின் ‘மானம்’ அதிகாரத்தில் இரு குறட்பாக்களில் (964, 969) மயிர் எவ்வித இழிவுமின்றி வருகிறது. முதலாவதில் தலையிலிருந்து வீழ்ந்த மயிருக்கு உள்ள இழிவு அதன் நிலையால் வந்ததேயன்றிச் சொல்லால் வந்ததன்று. இன்றோ அக்குறளை வகுப்பில் வாசிக்கும்போது பின்வரிசையில் சிரிப்பெழுவதை ஆசிரியர் பலர் அறிவர். மயிர் வெளியேறிய இடத்தில் முடி வந்து அமர்ந்தது. எனினும் கூட்டுச்சொற்களில் மயிர் இன்னும் நிலைத்திருக்கிறது: மயிர்க்கால், மயிரிழை, மயிர்க்கூச்செறிதல். ‘முடியிழையில் உயிர் தப்பினான்’ என்று நாகரிகம் கருதி எழுதியவர் எவரும் இல்லை.

முடிதல் என்பதற்கு நிறைவுறுதல், இயலுதல் என்னும் பொருள்களும் உண்டே எனலாம். மலைமுடி, மணிமுடி என்பவற்றில் காணும் உச்சிப்பொருள், எல்லையை எட்டுதல் என்னும் வினைப்பொருளோடு இயைவது. மலையாளத்தில் ‘முடியுக’ என்றால் அழிந்துபோதல். தமிழில் ‘குடும்பம் முடிந்தது’ என்று வருத்தத்தோடு சொல்வதற்கு நெருங்கியது. முடிச்சிடுதலும் முடிவடைதலும் தொடக்கத்தில் ஒன்றா, இரண்டா என்பது ஒப்பியலார் பேச வேண்டியது. பூத்தொடுப்பவர் கடைசி முடிச்சைப் போட்டதும் மாலை முடிந்துவிடுகிறது என்று சொல்லி இணைத்துவிடலாம். கேட்க அழகாகவும் இருக்கும். ஆனால் அழகாய்ப் பொருந்துவது ஒன்றே சான்றாகாது. ஆசிரியர் இவ்விடத்தில் கூந்தல்முடிக்கும் முடிதல் என்னும் கட்டுதலுக்கும் உள்ள உறவை உறுதியாகச் சொல்லலாம். மற்றதை அகராதிப் பொருளாகத் தந்துவிட்டு நகர்வதே நேர்மை.

மடி: எழுந்தால் இல்லாத உறுப்பு

மடி என்பதைச் சினைப்பெயர் என்று சொல்லும்போதே ஓர் ஐயம் எழும். கையும் காலும் எப்போதும் உள்ளன. மடியோ உட்கார்ந்தால் உண்டு. எழுந்து நின்றால் இல்லை. குழந்தை மடியில் கிடக்கும்போது தாய் எழ முயன்றால் மடி என்னும் உறுப்பே மறைந்துவிடுகிறது. காரணம், மடி என்பது உடல் மடிவதால் தோன்றும் இடம். மடிதல் வினை, அவ்வினை நிகழும் அளவும் நிலைப்பது பெயர். இலக்கண நூலார் முதனிலைத் தொழிற்பெயர் என்று சொல்வது இத்தகைய வடிவத்தையே: தொழிற்பெயர் விகுதி எதுவும் பெறாமல் முதனிலையே பெயராய் நிற்றல். ‘அவனுக்கு அடி விழுந்தது’ என்பதில் அடி தொழிலை உணர்த்துகிறது. மடியில் அத்தொழிற்பெயர் ஒரு படி மேலே சென்று, தொழில் நிகழும் இடத்துக்கே பெயராகிவிட்டது. முடி தன் வினையை மறந்த பெயர். மடி இன்னும் மறவாத பெயர்.

நன்னூலார் பதவியலில் வினைப்பகாப்பதங்களுக்கு இருபத்து மூன்று ஈறுகளைக் காட்டும் நூற்பாவில் இகர ஈற்றுக்குத் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டு மடி என்பதே. அங்கு அது வினையடி. அந்நூற்பாவை மனப்பாடமாகச் சொல்லும் மாணவரிடம் ‘இச்சொல் பெயராகவும் வருமா?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

திருக்குறளில் மடி சோம்பலைக் குறிக்கும் பெயர். அதற்கென ‘மடியின்மை’ என்னும் அதிகாரமே உண்டு. அவ்வதிகாரத்து 603ஆம் குறளில் மடி என்னும் வடிவம் மூன்று முறை வருகிறது. இறுதியில் வருவது ‘மடியும்’ என்னும் வினைமுற்று. நடுவில் வருவது சோம்பல் என்னும் பெயர். முதலில் வருவதற்குப் பரிமேலழகர், அழிக்கும் இயல்பு என்று வினைவழிப் பொருள் கொள்கிறார், மு. வரதராசனாரும் அவ்வழியே செல்கிறார். மாணவரோ பெரும்பாலும் சோம்பலை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பேதையைக் காண்கின்றனர். அப்பொருளை உடனே தவறென்று தள்ளாமல், ஒரே வடிவம் வினையடியாகவும் சினைப்பெயராகவும் கேட்கப்படுவதால் பிறக்கும் இரட்டைப் பொருள் என்று விளக்கினால் இலக்கண வகுப்பும் இலக்கிய வகுப்பும் ஒன்றாகும்.

நம் காலத்துச் சான்று மடிக்கணினி. மடியில் வைத்து இயக்கும் கணினி என விரிவது. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆகவே ககர ஒற்று மிகுகிறது. ஒற்றை விட்டு ‘மடிகணினி’ என்று எழுதினால் அது வினைத்தொகையாகி, மடிகின்ற கணினி என்று பொருள்படும். அக்கருவி மடியக்கூடியதுதான் என்பதால் பொருள் முற்றிலும் தவறாகிவிடவில்லை. அதனால்தான் பிழை கண்ணுக்குத் தப்புகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்னும் விதியை ஊறுகாய், சுடுசோறு என்னும் பழைய எடுத்துக்காட்டுகளோடு நிறுத்திக்கொள்ளாமல் இவ்விணையையும் காட்டினால், ஒற்று என்பது அலங்காரமன்று, சொல் பெயரா வினையா என்பதைச் சொல்லும் குறி என்பது விளங்கும். முடிக்கற்றை என்பதில் முடி பெயர். முடிபொருள் என்பதில் வினை. ஆனால் இக்குறி ஒருபக்கக் குறி. ஒற்று மிக்கால் பெயர் என்று துணியலாம்; மிகாவிட்டால் வினை என்று துணிய இயலாது. முடி திருத்தினான் என்பதில் முடி பெயரே. இரண்டாம் வேற்றுமைத் தொகையாதலால் ஒற்று மிகவில்லை.

இமை: பிரிக்க இயலாத இணை

இமை முடியைப் போன்றதன்று. கண்ணின் மேல் மூடும் உறுப்பும் அவ்வுறுப்பின் ஒரே தொழிலும் ஒரு சொல்லால் குறிக்கப்படுகின்றன. எது முந்தியது என்று கேட்பதில் பயன் குறைவு. இதில் கவனிக்கத்தக்கது எதிர்மறை வடிவம். தேவரைக் குறிக்கும் ‘இமையார்’ என்னும் சொல்லைச் சினைப்பெயரடியாகப் பிரித்தால் இமை உடையவர் என்றாகிவிடும். உண்மையில் அது இமைத்தல் என்னும் வினையின் எதிர்மறை. இமைக்காதவர் என்பது பொருள். வினை என அறியாவிடின் பொருள் நேர்மாறாகிவிடும் இடம் இது. 906ஆம் குறளில் இச்சொல் வருவதால் மேல்நிலை வகுப்புகளில் தவறாமல் எதிர்ப்படும்.

ஒத்த வடிவம், உறவில்லாப் பொருள்

கால் என்பது நடக்கும் உறுப்பு. காலுதல் என்பது கக்குதல், வெளிப்படுத்துதல். பாம்பு நஞ்சு காலும். கதிரவன் ஒளி காலும். இவ்விரண்டுக்கும் பொருளுறவு கற்பிக்க எவரும் முயல்வதில்லை. நுதல் என்பதில் அவ்வாறன்று. நெற்றி முகத்தின் முன் நிற்பது, நுதலுதல் கருத்தை முன்வைப்பது என்று இணைக்கும் ஆசை எழும். உரையாசிரியர்கள் நூற்பாவின் கருத்தைச் சொல்லத் தொடங்கும்போது கையாளும் ‘நுதலிற்று’ என்னும் சொல்லை நெற்றியோடு சேர்த்து விளக்கும் போக்கு கேட்பதற்கு இனியதேயன்றிச் சான்றுடையதன்று. தெலுங்கில் ‘அடுகு’ என்பது காலடியையும் குறிக்கும். கேள் என்னும் வினையையும் குறிக்கும். அதற்கு அடிபணிந்து கேட்பதால் அடுகு என்று காரணம் சொன்னால் நாம் நகைப்போம். அதே நகைப்பு நம் சொற்களுக்கும் வேண்டும்.

கை என்னும் சொல் இவற்றுள் மிகவும் சுவையானது. கை வினையாகி வந்தால் கைத்தல்: கசத்தல், வெறுத்தல். வேம்பு கைக்கும். கைப்பு என்பது கசப்பு. கரத்துக்கும் கசப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் இந்தப் பொய்யுறவின் பின்னால், கண்ணுக்குத் தெரியாத வேறோர் உறவு இருக்க இடமுண்டு. தெலுங்கில் ‘செய்யி’ என்றால் கை. ‘செய்யி’ என்றால் செய் என்னும் ஏவலும் ஆகும். கன்னடத்தின் பழைய வழக்கில் ‘கெய்’ என்பது செய்தல். தமிழில் முன்னுயிர்களின் முன் நின்ற பழைய ககரம் சகரமாகத் திரிந்திருப்பதைக் கன்னடக் ‘கிவி’யையும் தமிழ்ச் ‘செவி’யையும் ஒப்பிட்டு அறியலாம். அவ்விதிப்படி கன்னடக் கெய் தமிழில் செய். ஆகவே கை, செய் என்று இன்று வெவ்வேறாய் ஒலிக்கும் இரு சொற்களும் ஒரு காலத்தில் உறுப்பையும் அதன் தொழிலையும் குறித்த ஒரே வடிவமாக இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. அகரத்துக்கும் எகரத்துக்கும் உள்ள உயிர் வேறுபாடு தடையாக நிற்பதால், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட ஒப்பியல் வேர்ச்சொல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. முடிவு எதுவாயினும், வடிவ ஒப்புமையை மட்டும் நம்புவோர் கைத்தலைப் பிடித்துக்கொண்டு செய்தலை விட்டுவிடுவர் என்பது இதனால் தெளிவாகிறது.

உம் என்னும் சந்திப்பு

பெயரும் வினையும் ஒரே வடிவமாயின் தொடரில் ஏன் அடிக்கடி மயக்கம் நேர்வதில்லை? பெயர் வேற்றுமை உருபை ஏற்கிறது. வினை காலம் காட்டும் உறுப்பை ஏற்கிறது. முடியை, முடியால், முடிகிறது, முடிந்தது என்று பாதைகள் உடனே பிரிந்துவிடுகின்றன. இரண்டும் மீண்டும் சந்திக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றே: உம். எண்ணுதற்குப் பெயரோடு சேரும் இடைச்சொல்லும் உம். செய்யும் என்னும் வாய்பாட்டு முற்றிலும் பெயரெச்சத்திலும் வருவதும் உம்.

முடியும், மடியும், காலும், உடலும், நுதலும் என்பனவெல்லாம் இருவழியும் பிரியும். வல்லினம் ஏற்கும் வினைகளில் இச்சந்திப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. நான்காம் வேற்றுமைக் கு உருபோடு உம் சேரும்போது க்கும் என்று முடிகிறது. அவ்வினைகளின் எதிர்கால வடிவமும் க்கும் என்றே முடிகிறது. அடிக்கும், இமைக்கும், குதிக்கும், மடிக்கும், கைக்கும், வாய்க்கும் ஆகிய ஆறும் இத்தகையன. ‘கைக்கும் வாய்க்கும்’ என்பதைக் கரத்துக்கும் உணவுண்ணும் உறுப்புக்கும் என்றே நாம் கேட்கிறோம். கசக்கும், கிடைக்கும் என்று கேட்பதற்கு இலக்கணத்தில் தடையில்லை. அண்ணாமலையார் கதையை எழுதும் மாணவன் ‘அடிக்கும் முடிக்கும் இடையே’ என்று எழுதினால் இடையே என்னும் சொல் வரும்வரை வாசகன் காத்திருக்க வேண்டியவனாகிறான்.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் வழியும் மொழிக்குள்ளேயே இருக்கிறது. இயலுதல் பொருளில் வரும் முடியும் என்பது எழுத்துவழக்கில் ‘என்னால்’ என்னும் மூன்றாம் வேற்றுமையை வேண்டும். உடைமைப் பொருளில் வரும் பெயர் ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமையை வேண்டும். ‘என்னால் முடியும்’ என்பதில் மயிர் தலைகாட்டாது. பேச்சில் ‘எனக்கு முடியும்’ என்று சொல்லப் பழகிய மாணவர் அதனை எழுத்திலும் கொண்டுவரும்போது திருத்துகிறோம். அத்திருத்தத்துக்குக் காரணம் சொல்ல இது நல்ல வாய்ப்பு. ‘உடம்புக்கு முடியவில்லை’ என்பது மட்டும் தனி மரபு. அதனைத் திருத்தப் புகுதல் வேண்டா.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது என இரண்டாக வகுக்கிறார். மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் விலங்கு. பெயருக்குச் சொல்லப்பட்ட இவ்வழி, பின்வரும் சொல்லே முன்வந்த சொல்லைத் தெளிவிக்கும் என்னும் அளவில் நம் சொற்களுக்கும் பொருந்தும்.

பெயரை வினையாக்கும் தமிழ் வழி

ஆங்கிலத்தில் கை, தலை, முகம், தோள் ஆகிய உறுப்புகளின் பெயர் எவ்வித மாற்றமுமின்றி வினையாகும்: கொடு, தலைமை தாங்கு, எதிர்கொள், சும என்னும் பொருள்களில் அப்பெயர்களே வருகின்றன. மலாயில் ஒட்டுகள் தேவை. கெப்பாலா என்னும் தலை ‘மெஙெப்பாலாய்’ என்றாகித் தலைமை தாங்குதலையும், தாங்ஙான் என்னும் கை ‘மெனாங்ஙானி’ என்றாகிக் கையாளுதலையும் குறிக்கின்றன. முன்னொட்டும் பின்னொட்டும் உள்ளனவேனும் திசை ஒன்றே: பெயரிலிருந்து வினைக்கு. தமிழில் நாம் கண்ட முடியும் மடியும் எதிர்த்திசையில் சென்றவை: வினையிலிருந்து பெயருக்கு. இவ்வேறுபாடு அறியாத மாணவர், எந்த உறுப்புப் பெயரையும் வினையாக்கலாம் என்று எண்ணினால் வியப்பில்லை.

தமிழ் உறுப்புப் பெயரை வினையாக்குவதே இல்லையா? ஆக்குகிறது. நன்னூலார் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் ஆகிய ஆறும் அடியாகக் குறிப்புவினை தோன்றும் என்கிறார். சினைக்குப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டு கண்ணன். செங்கண்ணேன், செங்கண்ணாய், செங்கண்ணன் என்று உறுப்புப் பெயர் நேரே திணை, பால், இடம் காட்டும் விகுதியை ஏற்றுப் பயனிலையாகிறது. ஆயின் அது காலத்தை வெளிப்படக் காட்டாது. வினைமுதலை மட்டும் உணர்த்தும். உடைமையைச் சொல்லும், செயலைச் சொல்லாது. கண்ணன் என்றால் கண்ணை உடையவன். கண்ணால் நோக்கினான் என்று பொருள்படாது. செயலைச் சொல்ல வேண்டுமாயின் தமிழ் வேறொரு வினையைத் துணைக்கு அழைக்கிறது: கையாள், கைவிடு, கால்கொள், தலைப்படு, கண்வை, வாய்விடு, தோள்கொடு. உறுப்புப் பெயர் தன் பொருளில் பாதியைத் தந்து நிற்க, காலத்தையும் இடத்தையும் பின்வரும் வினை சுமக்கிறது.

இக்கூட்டுவினைகளில்தான் நம் மாணவர் மிகுதியும் தடுமாறுகின்றனர். ‘சாவியைக் கைகொடுத்தார்’ என்று எழுதிய கட்டுரைகள் ஆசிரியர் பலர் கைக்கு வந்திருக்கும். கைகொடுத்தல் என்பது உதவுதல் அல்லது கைகுலுக்குதல்; சாவிக்கு அது பொருந்தாது. நம் செய்தித்தாள்கள் காசோலை வழங்கும் செய்தியில் ‘எடுத்து வழங்கினார்’ என்கின்றன. இலங்கை இதழ்களில் ‘கையளித்தார்’ என்பது பெருவழக்கு. இரண்டும் தமிழுக்கு இயைந்தவையே.

இங்கும் ஒற்று உதவிக்கு வருகிறது. கைதட்டு, கைகழுவு, கைகொடு என்பனவற்றில் கை செயப்படுபொருள். தட்டப்படுவதும் கழுவப்படுவதும் கொடுக்கப்படுவதும் கையே. ஆதலின் ஒற்று மிகவில்லை. கைகூடு என்பதில் கை எழுவாய், அங்கும் மிகவில்லை. கைப்பற்று, கைக்கொள் என்பனவற்றில் பற்றப்படுவது கையன்று, வேறொரு பொருள். கை அதற்குக் கருவியாகவோ இடமாகவோ நிற்கிறது. ஆதலின் ஒற்று மிகுகிறது. கோட்டையைக் கைப்பற்றினான் என்று ஒற்றோடும், அவன் கை பற்றினாள் என்று ஒற்றின்றியும் எழுதும்போது, முதலதில் அகப்பட்டது கோட்டை, இரண்டாவதில் அகப்பட்டது கை.